கதைக்குள் ஒரு குற்றவாளி: வாசகர் கேள்வி - பதில்

குற்றக் கதை எழுதும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டோம். ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

கேள்வி: என் நாவலின் வில்லனுக்கு வறுமை, குடிகார அப்பா, பள்ளியில் பட்ட அவமானம் எல்லாம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் படித்தவர்கள் "பொம்மை மாதிரி இருக்கிறான்" என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: நீங்கள் கொடுத்திருப்பது அவனுடைய பழைய கதை. அதே வறுமையில், அதே அப்பாவிடம் வளர்ந்த அவன் தம்பி ஏன் திருடவில்லை என்று வாசகர் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கு உங்கள் நாவலில் பதில் இல்லை. பதில் இருக்கும் இடம், குற்றத்துக்கு முந்தின ராத்திரி அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, கையாடல் செய்து சிறையில் இருந்தவர்களிடம் பேசி 1953-இல் ஒரு நூல் வெளியிட்டார். மூன்று விஷயங்கள் சேர்ந்தால்தான் நம்பிக்கைக்குரிய மனிதர் கை வைக்கிறார் என்பது அவர் முடிவு. யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பணச் சிக்கல். தன் வேலையிலேயே அதைச் சத்தமில்லாமல் தீர்க்க வழி இருக்கிறது என்ற அறிவு. "கடனாகத்தான் எடுக்கிறேன்" என்பது போல ஒரு வாக்கியம். கதை எழுதுகிறவருக்கு மூன்றாவதுதான் பொக்கிஷம். அந்த வாக்கியம் மாட்டிக்கொண்ட பிறகு யோசித்துச் சொல்லும் சாக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிரெஸ்ஸி கண்டது வேறு: கை நீளுவதற்கு முன்பே அது மனதில் தயாராக இருக்கிறது. அது இல்லாவிட்டால் கை நீளாது.

1957-இல் கிரஷாம் சைக்ஸ், டேவிட் மட்ஸா என்ற இருவர் இந்தச் சமாதானங்களை ஐந்தாக வகுத்தார்கள். "நான் என்ன செய்வேன், சூழ்நிலை அப்படி." "இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" "அவனுக்கு இது வேண்டியதுதான்." "என்னைக் குறை சொல்கிறவர்கள் யோக்கியமா?" "என் ஆட்களுக்காகச் செய்தேன்." உங்கள் வில்லன் இதில் எதைச் சொல்வான் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குப் பிறகு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள்.

ஒரு காசாளரை வைத்துப் பார்க்கலாம். சிறுசேமிப்புத் திட்டத்தில் மாதாமாதம் ஆட்கள் வந்து பணம் கட்டுகிறார்கள். ஒருவர் கட்டியதை இவர் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் இரண்டாமவர் கட்டுவதை முதலாமவர் கணக்கில் வரவு வைக்கிறார், மூன்றாமவருடையதை இரண்டாமவர் கணக்கில். இந்த ஓட்டை மூடவே மூடாது, தள்ளிக்கொண்டே போகும். எந்தப் பணம் யார் கணக்கில் நிற்கிறது என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பதால் இவரால் ஒரு நாள் கூட லீவு போட முடியாது. காய்ச்சலோடு வருவார். வீட்டில் கல்யாணம் என்றாலும் பாதி நாள் வந்து உட்காருவார். அலுவலகம் அவரைப் போல உழைப்பாளி இல்லை என்று பாராட்டும். கட்டாய விடுப்பு என்று ஒரு விதியைப் பல நிதி நிறுவனங்கள் வைத்திருப்பதற்கு இந்த மாதிரிக் கையாடலும் ஒரு காரணம்.

இனி அவருடைய சமாதானத்தைப் பாருங்கள். முதல் மாதம்: "சம்பளம் வந்ததும் வைத்துவிடுவேன்." மூன்றாம் மாதம்: "வட்டியோடு சேர்த்தே வைத்துவிடுவேன்." ஒரு வருடம் கழித்து: "இத்தனை வருஷ உழைப்புக்கு இவர்கள் எனக்கு என்ன செய்துவிட்டார்கள்?" அதற்கும் பிறகு: "மேலே இருப்பவன் எடுக்காததா?" கடைசியில் சமாதானமே இல்லாமல் எடுக்கிறார். பேனாவைத் திறப்பது போல, அவ்வளவுதான். வாசகருக்கு அடிவயிறு கலங்குகிற இடம் அந்தக் கடைசிப் படி. முதல் வாக்கியத்தை எழுதி வைக்காதவரால் அங்கே போய்ச் சேர முடியாது.

கேள்வி: திருட்டுக் காட்சியை எவ்வளவு விவரமாக எழுதலாம்? அதிகமாக எழுதினால் செய்முறைப் பாடமாகிவிடுமோ என்று பயம். குறைத்தால் நம்பும்படியாக இல்லை.

பதில்: பூட்டைத் திறக்கும் விதத்தை எழுத வேண்டியதில்லை. திறக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று காட்டும் விவரம் போதும். இதற்கு நமக்கு ரொம்பப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. சூத்திரகரின் மிருச்சகடிகம் என்ற சமஸ்கிருத நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்ற அந்தணன் சாருதத்தன் வீட்டுச் சுவரில் துளை போட்டுக் கன்னம் வைக்கிறான். தண்ணீர் பட்டு ஊறின இடமாகத் தேடுகிறான். செங்கல் சுவருக்கு எந்த வடிவத் துளை பொருத்தம் என்று தாமரை, சூரியன், பிறை எனப் பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்து, பூர்ண கும்ப வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறான். அளவுகயிற்றை மறந்து வந்துவிட்டான். அதனால் பூணூலைக் கழற்றி அளக்கிறான்! கதவு கிறீச்சிடாமல் இருக்கத் தண்ணீர் விடுகிறான். உள்ளே தூங்குகிறவர்கள் உண்மையில் தூங்குகிறார்களா என்று மூச்சையும் இமையையும் பார்க்கிறான்.

இதைப் படித்துவிட்டு யாரும் கன்னம் வைக்கக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பூணூல் ஒன்றே அவனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: பிறப்பு, படிப்பு, தொழில் கர்வம், தான் எங்கே வந்து நிற்கிறோம் என்ற உணர்வு. உங்கள் திருடனும் ஒரு பொருளை மறந்துவிட்டு வரட்டும். அதற்குப் பதிலாக அவன் கையில் எடுப்பது அவனுக்கு மதிப்பான ஒன்றாக இருக்கட்டும்.

காட்சிக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-இல் வந்தது. ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்ட அந்த நாவலில் கொலை முதல் பாகத்தின் கடைசியிலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க அதற்குப் பிறகு நடப்பது. சிறுகதையிலும் இந்த விகிதத்தை ஒட்டியே போங்கள். திட்டத்துக்கு ஒரு பங்கு, செயலுக்கு ஒரு பங்கு, பின்விளைவுக்கு மூன்று பங்கு. செயலுக்கே மூன்று பங்கு கொடுத்தால் சண்டைக் காட்சி மாதிரி ஆகிவிடும், ஆள் காணாமல் போய்விடுவான்.

அதே நாவலில் திட்டம் எப்படிச் சிதறுகிறது என்பதையும் கவனியுங்கள். தன் வீட்டு வாசலிலிருந்து, தான் கொல்லப்போகும் வட்டிக்காரக் கிழவியின் வீடு வரை 730 காலடி என்று நாயகன் ரஸ்கோல்னிகவ் எண்ணி வைத்திருக்கிறான். கோடரியை மறைக்க மேலங்கிக்குள் துணி வளையம் தைத்திருக்கிறான். அடகுப் பொருள் என்று ஒரு மரத்துண்டோடு தகட்டைச் சேர்த்து, கிழவி அவிழ்க்க நேரம் ஆகும்படி இறுகக் கட்டி வைத்திருக்கிறான். அத்தனையும் கச்சிதம். ஆனால் கோடரி எடுக்க வேண்டிய சமையலறையில் வேலைக்காரி இருக்கிறாள். அங்கேயே திட்டம் ஆட்டம் கண்டு, காவல்காரன் அறையில் தற்செயலாக இன்னொரு கோடரி கிடைக்கிறது. கொலை செய்தவன் வெளிக்கதவைச் சாத்த மறக்கிறான். கிழவியின் தங்கை லிஸவெத்தா உள்ளே வந்துவிடுகிறாள், அவளையும் கொல்கிறான். எடுத்த நகைகளை ஒரு கல்லுக்கடியில் போட்டுவிட்டு, பையில் எவ்வளவு இருந்தது என்று எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு குற்றத்துக்கு இரண்டு கோளாறு போதும். ஒன்று வெளியிலிருந்து வரட்டும், வேலைக்காரி போல. மற்றது அவன் குணத்திலிருந்தே வரட்டும், சாத்தாத கதவு போல. மூன்றுக்கு மேல் போனால் எழுத்தாளர்தான் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்தார் என்று வாசகருக்குத் தோன்றும்.

கேள்வி: கதைகளில் வரும் குற்றவாளிகளில் எத்தனை வகை? என் ஆளை எந்த வகையில் சேர்ப்பது?

பதில்: பிழைப்புக்கு ஏய்க்கும் போக்கிரி (1554-இல் ஸ்பானிய மொழியில் வந்த 'லசாரியோ தெ தோர்மெஸ்' காலத்திலிருந்தே இருக்கிறான்), பணக்காரர் நடுவே பழகித் திருடும் கனவான் (1899-இல் ராஃபில்ஸ், 1905-இல் ஆர்சேன் லூப்பன்), ஏழைகள் காப்பாற்றும் கொள்ளைக்காரன், வலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் சூத்திரதாரி, கூலிக்குச் செய்யும் தொழில்காரன், ஒரே ஒரு முறை சறுக்கிய சாதாரண மனிதன். இன்னும் சொல்லலாம். ஆனால் வகையிலிருந்து தொடங்காதீர்கள். எழுதி முடித்த பிறகு வகைக்குள் பொருந்தினால் பொருந்தட்டும். வகை உதவுவது ஒரே இடத்தில்: வாசகர் எதை எதிர்பார்ப்பார் என்று தெரிந்துகொள்ள. கனவான் திருடன் என்றால் கத்தியை எடுக்க மாட்டான் என்று எதிர்பார்ப்பார். அவன் கத்தியை எடுக்கும் பக்கம்தான் உங்கள் கதை.

கேள்வி: என் கதையில் குற்றவாளி பொய் சொல்கிறான், அதிகாரி நம்பிவிடுகிறார். "இவ்வளவு சுலபமாகவா நம்புவார்?" என்று கேட்கிறார்கள். நம்பும்படி பொய் எழுதுவது எப்படி?

பதில்: சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மறுபடி எடுத்துப் படியுங்கள். பொற்கொல்லன் பேசும் வரிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொய் என்ற கலையை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய இடம் வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவன் அவன். கோவலன் ஒற்றைச் சிலம்பை விலை மதிக்கச் சொல்லிக் காட்டுகிறான். தன் திருட்டு வெளிப்படும் முன் இந்தப் புதியவன் மேல் போட்டுவிடலாம் என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்கிறான். முன்திட்டம் கிடையாது, வாய்ப்பு வந்ததும் பிடித்துக்கொள்கிறான். அவன் பொய்யில் பெரும்பகுதி உண்மை: ஓர் ஆள் இருக்கிறான், அவன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது, அவன் என் குடிலில் இருக்கிறான். பொய் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்து, நேரம். ஊடலில் இருக்கும் அரசியைத் தேடி அரசன் போகும் வழியில் பொற்கொல்லன் இதைச் சொல்கிறான். கேட்பவனுக்கு விசாரிக்கப் பொழுதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்த ஊடலுக்கு நடுவே சிலம்போடு போய் நிற்பது அரசனுக்கும் வேண்டியதாக இருக்கிறது. உங்கள் அதிகாரிக்கும் இப்படி ஓர் அவசரமும் ஓர் ஆசையும் கொடுத்துவிட்டீர்களானால் "எப்படி நம்பினார்?" என்ற கேள்வியே எழாது. மேலதிகாரி காத்திருக்கிறார், வழக்கை முடித்தால் இடமாற்றம் கிடைக்கும் என்று ஏதாவது ஒன்று போதும்.

இன்னும் நுட்பமானது அதற்கடுத்த இடம். காவலர்கள் வந்து கோவலனைப் பார்த்ததும் "இவன் கொலைக்குரியவன் இல்லை" என்கிறார்கள். பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்துவிட்டு ஒரு பிரசங்கமே செய்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணை எட்டு உண்டு என்று ஒவ்வொன்றாக விளக்குகிறான். காவலர்கள் அவன் அறிவில் மயங்கிவிடுகிறார்கள். திருட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் யாராக இருக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் வாசகருக்கு விடப்பட்டிருக்கிறது. உங்கள் பொய்யனையும் அவன் நன்றாக அறிந்த விஷயத்தைப் பற்றியே பேச விடுங்கள். தேவைக்கு மேல் ஒரு வரி பேசட்டும்.

கேள்வி: முகத்தில் தழும்பு, முரட்டுக் கண், கோணல் சிரிப்பு என்று வர்ணிக்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தாலிய மருத்துவர் சேசரே லம்ப்ரோசோ 1876-இல், பிறவிக் குற்றவாளிகளைத் தாடை, காது, நெற்றி இவற்றை வைத்தே கண்டுகொள்ளலாம் என்று எழுதினார். சார்லஸ் கோரிங் இங்கிலாந்துச் சிறைகளில் சுமார் 3,000 பேரை அளந்து 1913-இல் அந்தக் கொள்கைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். அறிவியல் கைவிட்டதைக் கதைகள் இன்னும் விடவில்லை. நிறத்தையும் ஊனத்தையும் கெட்டவனுக்கு அடையாளமாக வைப்பதால் உண்மையான மனிதர்கள் காயப்படுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கையை வர்ணியுங்கள். பணத்தை எண்ணும்போது விரல் எப்படிப் போகிறது, ஓர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே பார்க்கிறான், எந்த நாற்காலியில் உட்காருகிறான். பழக்கம் பேசுகிற அளவுக்கு முகம் பேசாது.

கேள்வி: வாசகர் குற்றவாளியின் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் குற்றத்தை நியாயப்படுத்தவும் கூடாது. முடியுமா?

பதில்: முடியும். வேலையில் திறமை உள்ளவனை வாசகருக்குப் பிடிக்கும். யாரோ ஒருவரிடம் விசுவாசமாக இருப்பவனைப் பிடிக்கும். தனக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருப்பவனை மிகவும் பிடிக்கும். முன்பு சொன்ன சர்விலகன், நகை அணிந்த பெண்ணிடம் பறிப்பதில்லை, அந்தணர் பொருளில் கை வைப்பதில்லை என்று அடுத்த அங்கத்தில் பெருமையாகச் சொல்கிறான். அவன் அப்போதுதான் திருடிவந்த வீடு ஓர் அந்தணன் வீடு. தன் காதலி மதனிகையை அடிமைத்தனத்திலிருந்து மீட்கத் திருடினான். அவளுடைய எஜமானி வசந்தசேனை அந்த வீட்டில் நம்பிக் கொடுத்து வைத்திருந்த நகைதான் அது. அவன் கோடு அவனுக்குத் தெரியாமலே அழிந்துவிட்டது. கோடு போடுவதோடு நிறுத்தாதீர்கள், அதை மிதிக்க வையுங்கள்.

நியாயப்படுத்தாமல் இருப்பதற்கு வழி, பாதிக்கப்பட்டவரை முழு மனிதராக எழுதுவது. இங்கேதான் ஏமாற்று வேலை நிறைய நடக்கிறது. திருட்டுக் கொடுப்பவரைக் கஞ்சன், கொடுமைக்காரன் என்று ஆக்கிவிட்டால் வாசகருக்கும் குற்றவாளிக்கும் சேர்த்துச் சலுகை கொடுத்தாயிற்று. ரஸ்கோல்னிகவுக்கு அந்தக் கிழவியைக் கொல்வது நியாயம் என்று ஒரு வாதம் இருந்தது. லிஸவெத்தாவைப் பற்றி ஒரு வாதமும் கிடையாது. அவள் உள்ளே வந்ததும் அவனுடைய சித்தாந்தம் முழுக்க வாயடைத்துப் போகிறது. உங்கள் கதையிலும் ஒரு லிஸவெத்தா வரட்டும். பெயர் வைத்து, அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது என்று வரை எழுதுங்கள்.

கேள்வி: குற்றவாளியே "நான்" என்று கதை சொன்னால், கடைசி வரை மறைக்கலாமா?

பதில்: நடந்ததை மாற்றிச் சொல்லக் கூடாது. விட்டுவிடலாம், வேகமாகக் கடக்கலாம், வேறொன்றை நீட்டலாம். திரும்பப் படிக்கிறவர் "இங்கேயே சொல்லியிருக்கிறானே" என்று விரல் வைக்க மூன்று இடமாவது வேண்டும். மறைப்பது ஒத்துவரவில்லையென்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: யார், எப்படி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, எந்த இடத்தில் மாட்டுவான் என்பதைக் கதையாக்குங்கள். ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே ஒரு தொகுப்பில் அப்படி எழுதிக் காட்டினார்.

கேள்வி: திருடர்களின் ரகசியப் பேச்சு எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: நம் இலக்கணத்திலேயே குழூஉக்குறி என்று இதற்கு இடம் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பள்ளிக்கூட உதாரணங்கள். கள்ளுக்குச் சொல்விளம்பி என்ற பெயர் எவ்வளவு அழகு பாருங்கள். குடித்தவன் உளறிவிடுவான் என்ற பயமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு சிறுகதைக்கு இப்படி மூன்று சொல் போதும். முதல் முறை ஒரு செயலோடு சேர்த்து வையுங்கள், அர்த்தம் தானே விளங்கும். இரண்டாம் முறை சும்மா வரட்டும். மூன்றாம் முறை அந்தச் சொல்லை வெளி ஆள் ஒருவர் சொல்லிவிடட்டும். அப்போது அறையில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: முடிவில் குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டுமா?

பதில்: ஹாலிவுட்டில் 1930-இல் எழுதி 1934 முதல் கறாராக நடைமுறைப்படுத்திய தணிக்கை விதி, பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் போகக் கூடாது என்றது. அதனால் பல படங்களில் கடைசி நிமிடத்தில் ஒரு குண்டு வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அந்தக் குண்டை யாரும் நம்பவில்லை. இன்று அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்றை அவன் கொடுத்தாக வேண்டும். அவன் தொடங்கும்போது சொன்ன அந்த முதல் வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள், கொடுக்க வேண்டியது எது என்று அதுவே காட்டும்.

நம் காசாளருக்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. அவர் ஒரு நாள் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்கிறார். அவர் நாற்காலியில் ஒரு சின்னப் பையனை உட்கார வைக்கிறார்கள். ஒரு பாட்டி பாஸ்புக்கை நீட்டி, "போன மாசமே கட்டிட்டேனேப்பா, இதுல பதியவே இல்லையே" என்கிறார். பையன் லெட்ஜரைத் திறந்து பார்க்கிறான். பாட்டி கட்டின தேதியில் வேறொருவர் பெயர் இருக்கிறது. முந்தின பக்கத்தைப் புரட்டுகிறான், அங்கேயும் அப்படியே. "இருங்க பாட்டி, சாருக்கு உடம்பு சரியானதும் கேட்டுச் சொல்றேன். அவர் ரொம்பக் கரெக்டான ஆளு" என்கிறான். அங்கே பேனாவை வைத்துவிடுங்கள்.